விமானத்துக்கு எஞ்சின் வாங்குவது யார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மேனாம்பேட்டில் இருக்கிறேன் என்று வெளியூரில் சொன்னால் பாதிப் பேர், "மீனம்பாக்கமா? ஏர்போர்ட் பக்கமா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா, அம்பத்தூர் பக்கம், எங்களுக்குக் கேட்பது லேத் சத்தம்தான் என்று எத்தனையோ வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். இன்றைய பதிவில் லேத்தும் விமானமும் ஒன்றாக வருகின்றன.

போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஷெட் வைத்திருக்கிறான், எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். புதிதாக ஒரு சி.என்.சி. மெஷின் போட வேண்டும் என்று கையில் இரண்டு கொட்டேஷன் வைத்திருந்தான். ஒன்று புத்தம் புது மாடல். கரண்ட் குறைவாக இழுக்குமாம், விலையிலும் நன்றாகக் குறைத்துத் தருகிறார்கள். ஆனால் ஸ்பேர்ஸ், சர்வீஸ் எல்லாம் பத்து வருடத்துக்கு அவர்களிடம்தான். இன்னொன்று பழைய மாடல். விலை கூடுதல், ஆனால் எஸ்டேட்டில் நாலைந்து பேரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. எதை வாங்கினாலும் வீட்டை அடமானம் வைத்துத்தான் வாங்க வேண்டும். "ரெண்டுல எது சார்?" என்றான்.

நான் வரலாற்று வாத்தியார். மெஷினைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். "இதை எழுதிப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுதான் இது.

கார் வாங்கும்போது எஞ்சின் யாருடையது என்று நாம் கேட்பதில்லை. கார் கம்பெனி எதைப் போட்டிருக்கிறதோ அதுதான். விமானம் அப்படியில்லை. ஏர்பஸ், போயிங் இரண்டும் எஞ்சின் செய்வதில்லை. உடலும் இறக்கையும் அவர்களுடையது, எஞ்சின் வேறு கம்பெனியுடையது. இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. பக்கத்து ஆவடியில் 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கியின் உடல் ஆவடியில் உருவானது, அதன் எஞ்சின் இங்கிலாந்தின் லேலண்ட் வடிவமைத்தது. அர்ஜுன் டாங்கியை ஆவடியிலேயே வடிவமைத்தார்கள், அதற்குள் இருப்பது ஜெர்மனியின் எம்.டி.யூ. எஞ்சின்.

சில விமானங்களுக்கு ஒரே ஒரு எஞ்சின்தான். போயிங் 737 மேக்ஸ் வாங்கினால் சி.எஃப்.எம். கம்பெனியின் லீப் எஞ்சின், ஏர்பஸ் ஏ350 வாங்கினால் ரோல்ஸ் ராய்ஸ். அங்கே பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஏ320, போயிங் 787 போன்றவற்றுக்கு இரண்டு கம்பெனிகள் எஞ்சின் தருகின்றன. விமானத்துக்கு ஆர்டர் கொடுத்த பிறகுகூட, எஞ்சின் யாருடையது என்று முடிவு செய்யாமல் விமான நிறுவனம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், இரண்டு கம்பெனிகளையும் காக்க வைக்கும். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைக்கும்.

எவ்வளவு குறைக்கும் என்பது வெளியே வராது. பத்திரிகையில் வருவது விலைப்பட்டியல் விலை. அந்த விலைக்குப் பெரிய நிறுவனம் எதுவும் வாங்குவதில்லை. எஞ்சினை மலிவாகக் கொடுத்துவிட்டு எஞ்சின் கம்பெனி எப்படிப் பிழைக்கிறது? பின்னால் வரும் இருபது இருபத்தைந்து வருடத்து ஸ்பேர்ஸிலும் ஓவர்ஹாலிலும்தான் அதற்கு வருமானம். 1962-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் சிட்லி என்ற கம்பெனி ஒரு புது முறை கொண்டுவந்தது. எஞ்சின் பறந்த ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று கட்டினால் போதும், பழுது பார்ப்பது கம்பெனி பொறுப்பு. ஆட்டோ மீட்டர் மாதிரி. அந்தக் கம்பெனியை விழுங்கிய ரோல்ஸ் ராய்ஸும் பிறகு மற்றவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். ஆகவே விமான நிறுவனம் தேர்ந்தெடுப்பது ஒரு பொருளை அல்ல, ஒரு சம்பந்தத்தை. நம் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது என்னென்ன விசாரிப்போமோ, ஏறக்குறைய அத்தனையும் அங்கேயும் விசாரிக்கிறார்கள். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், வெயில் ஊரில் தாங்குமா, பழுதானால் மாற்று எஞ்சின் எத்தனை நாளில் வரும், நாளைக்கு விமானத்தை விற்றால் இந்த எஞ்சினுக்கு ஆள் வருமா.

இனி நம் நாட்டுக் கதை. ஏர் இந்தியா 1960-இல் முதல் ஜெட் விமானங்களை வாங்கியது, ஜே.ஆர்.டி. டாடா காலத்தில். அவை அமெரிக்க போயிங் 707. மற்ற 707-கள் பெரும்பாலும் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் பறக்க, ஏர் இந்தியா வாங்கியவற்றில் இருந்தது பிரிட்டிஷ் ரோல்ஸ் ராய்ஸ் கான்வே. அன்றைக்கு அது புதுமை. உள்ளே இழுக்கும் காற்று முழுவதையும் எரிக்காமல் ஒரு பகுதியை எஞ்சினைச் சுற்றி வெளியே தள்ளும், அதனால் எரிபொருள் மிச்சம். இன்று பறக்கும் எல்லாப் பயணிகள் ஜெட்டிலும் இருப்பது இந்த யோசனைதான். யோசனை சரி, ஆனால் கூட்டு சேரவில்லை. கான்வே பூட்டிய 707 உலகம் முழுவதற்கும் 37 மட்டுமே செய்யப்பட்டன. பிராட் அண்ட் விட்னியும் அதே யோசனையில் ஓர் எஞ்சினைக் கொண்டுவந்து சந்தையைப் பிடித்தது. 1960-களின் நடுவில் ஏர் இந்தியா அடுத்த 707-களை வாங்கியபோது அவற்றில் இருந்தது பிராட் அண்ட் விட்னி.

இதற்கிடையே வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாக்ஹீட் கம்பெனி டிரைஸ்டார் என்று ஒரு பெரிய விமானம் செய்தது. நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம், 1980-களில் ஏர் லங்கா ஓட்டியது. அதற்கு ஒரே எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸின் ஆர்.பி.211. 1968-இல் ஒரு விலை பேசி ஒப்பந்தம் போட்டார்கள். முன்புற விசிறியின் இலைகளைக் கார்பன் இழையில் செய்வதாகத் திட்டம். பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்கக் கோழியைச் சுட்டுப் பரிசோதித்தார்கள், இலைகள் நொறுங்கின. மறுபடி டைட்டானியத்தில் செய்ய வேண்டியதாயிற்று. செலவு ஏறியது, பேசிய விலை ஏறவில்லை. 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. ரோல்ஸ் ராய்ஸ்! பிரிட்டிஷ் அரசு அதை ஏற்று நடத்த வேண்டி வந்தது. எஞ்சின் இல்லாமல் லாக்ஹீடும் மூழ்கப் பார்த்தது. அதற்கு அமெரிக்க அரசு கடன் உத்தரவாதம் தருவதா என்ற கேள்வி செனட்டில் ஒரே ஒரு வாக்கில் பிழைத்தது. எஞ்சின்காரர் விழுந்தால் விமானக்காரரும் விழுவார் என்பதை உலகம் அன்று பார்த்தது. அதன் பிறகு, ஒரு விமானத்துக்கு இரண்டு எஞ்சின்காரர்கள் இருந்தால் நல்லது என்று நிறுவனங்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இரண்டு பேர் இருந்தால் தேர்ந்தெடுக்க வேண்டுமே. அதில்தான் நம் இந்தியன் ஏர்லைன்ஸ் வருகிறது. முதலில் போயிங் 757 என்று பேசி, 1985-இல் ஏ320 பக்கம் திரும்பினார்கள். அந்தக் கொள்முதல் பிறகு சி.பி.ஐ. வழக்காக வெகுகாலம் ஓடியது வேறு கதை. எஞ்சினுக்கு இரண்டு பேர். ஒருவர் ஏற்கெனவே பெயர் எடுத்திருந்த சி.எஃப்.எம். இன்னொருவர் ஐந்து கம்பெனிகள் 1983-இல் கூடி அமைத்த ஐ.ஏ.இ., அதன் எஞ்சின் பெயர் வி2500. அந்த 'வி' ரோமன் எண்ணில் ஐந்து, கூட்டாளிகள் ஐந்து பேர் என்பதால். இந்தியன் ஏர்லைன்ஸ் எடுத்தது வி2500. 1989-இல் அந்த விமானங்கள் வந்தபோது, உலகிலேயே அந்த எஞ்சினை முதலில் ஓட்டியவர்களில் நாமும் இருந்தோம். நம் ரன்வேக்கள் தாங்குமோ என்ற கவலையில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்கு சக்கரம் வைத்த ஏ320 வேறு எந்த நாட்டுக்கும் போகவில்லை, நமக்கு மட்டும்தான் வந்தது.

1990 பிப்ரவரி 14 அன்று அதில் ஒன்று பெங்களூரில் இறங்கும்போது ரன்வேக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். எல்லா ஏ320-களையும் அரசு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. எஞ்சினைப் பற்றியும் ஊரெல்லாம் பேச்சு. விசாரணையில் எஞ்சின் மேல் குற்றம் இல்லை. இறங்கும்போது கணினியில் இருந்த அமைப்பு எஞ்சினைக் குறைந்தபட்ச வேகத்தில் வைத்திருந்தது, விமானிகள் அதைக் கவனித்து வேகம் கூட்டியபோது காலம் கடந்துவிட்டது. எஞ்சின் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. பிறகு 2006-இல் அதே இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ் வாங்கியபோது சி.எஃப்.எம். எஞ்சினுக்கு மாறியது. கான்வேக்கு நடந்ததுதான் வி2500-க்கும்.

இனி முக்கியமான கட்டம். 2011. இண்டிகோ ஐந்தே வயது நிறுவனம். 180 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கிறது, அதில் 150 புதிய ஏ320 நியோ. நியோ என்றாலே புது எஞ்சின் போட்டது என்று பொருள். பழைய உடல்தான், எரிபொருளில் 15 சதவீதம் மிச்சம் என்று ஏர்பஸ் சொன்னதற்குப் பெரும் காரணம் எஞ்சின். நம் நாட்டு விமான நிறுவனங்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிபொருளுக்குப் போகிறது. அதில் 15 சதவீதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடத் தோன்றும். போட்டியில் இருந்தவை சி.எஃப்.எம். லீப்பும் பிராட் அண்ட் விட்னியின் கியர் எஞ்சினும். இண்டிகோ கியரை எடுத்தது. அதே வருடம் கோஏர் 72 நியோ ஆர்டர் கொடுத்தது. அதற்கும் அதே எஞ்சின். இந்த எஞ்சின் பூட்டிய நியோ முதன்முதலாகப் பறந்தது 2014 செப்டம்பரில். அதாவது 2011-இல் தேர்ந்தெடுத்தவர்கள் பறந்து காட்டிய எஞ்சினைத் தேர்ந்தெடுக்கவில்லை. காகிதத்தில் இருந்த ஒரு வாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தொழிலில் அது தப்பும் அல்ல, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தக் கியர் எதற்கு என்று சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சொன்னால் புரியும். முன்னால் இருக்கும் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் நல்லது, பின்னால் இருக்கும் டர்பைன் வேகமாகச் சுற்றினால் நல்லது. ஒரே தண்டில் இரண்டையும் கட்டினால் இரண்டுக்கும் கஷ்டம். நடுவே ஒரு கியர் வைத்தால் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் ஓடும். இத்தனை சக்தியைத் தாங்குமா இந்தக் கியர் என்றுதான் அன்று எல்லோருக்கும் சந்தேகம். வேடிக்கை என்னவென்றால், கியர் தாங்கியது. பழுதானதெல்லாம் மற்றவை.

முதல் தொல்லை, நின்ற எஞ்சினை மறுபடி ஓட்டுவதில். சூடான எஞ்சின் நிற்கும்போது தண்டின் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறியும் இருக்கும், தண்டு மயிரிழை வளையும். அது நேராகும்வரை சில நிமிடம் சும்மா சுற்ற வேண்டும். சில நிமிடம்தானே என்கிறீர்களா? இறங்கி அரை மணிக்குள் அடுத்த பயணம் கிளம்புவதில்தான் மலிவு விமான நிறுவனத்தின் பிழைப்பே இருக்கிறது. முதல் நியோவை வாங்க வேண்டிய கத்தார் ஏர்வேஸ் இதைச் சொல்லியே வாங்க மறுத்துவிட்டது. 2016 ஜனவரியில் லுஃப்தான்சா வாங்கியது, மார்ச்சில் இண்டிகோவுக்கு வந்தது.

பிறகு ஒன்று மாற்றி ஒன்று. 2018 மார்ச்சில் ஒரு சீல் கோளாறுக்காக 11 நியோக்களை நிறுத்தச் சொன்னது டி.ஜி.சி.ஏ., இண்டிகோவுடையது 8, கோஏருடையது 3. அடுத்து டர்பைன் இலைகள். 2019 அக்டோபர் கடைசியில் ஒரே வாரத்துக்குள் நான்கு முறை எஞ்சின் கோளாறு. நவம்பர் 1 அன்று, இண்டிகோவின் 97 நியோக்களிலும் திருத்திய எஞ்சின் பூட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பயப்படாதீர்கள், ஓர் எஞ்சின் நின்றாலும் இன்னொன்றில் பத்திரமாக இறங்கும்படிதான் விமானங்களைச் செய்கிறார்கள். இவை எவற்றிலும் உயிர்ச்சேதம் இல்லை. சேதம் கணக்குப் புத்தகத்தில்.

2023 ஜூலை 25 அன்று பெரிய இடி. டர்பைன் தட்டுகளை உலோகத் தூளை அழுத்திச் செய்கிறார்கள். 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த சில தட்டுகளின் தூளில் அசுத்தம் கலந்திருக்கிறது, விரிசல் விடலாம், எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று பிராட் அண்ட் விட்னியின் தாய்க் கம்பெனியே அறிவித்தது. ஓர் எஞ்சின் கழன்று திரும்பி வர 250 முதல் 300 நாள் ஆகும் என்றார்கள். 2024 தொடக்கத்தில் இண்டிகோவில் எழுபதுக்கும் மேல் விமானங்கள் தரையில் நின்றன.

கோஏர் அந்த இடியைப் பார்க்கவே இல்லை. கோ ஃபர்ஸ்ட் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம் 2023 மே 2 அன்றே திவால் மனு கொடுத்துவிட்டது. எஞ்சின் இல்லாமல் நின்ற விமானங்கள் 2019 டிசம்பரில் 7 சதவீதம், 2020 டிசம்பரில் 31, 2022 டிசம்பரில் 50 என்று சொன்னது. மாற்று எஞ்சின் கொடுக்கும்படி சிங்கப்பூர் நடுவர் உத்தரவிட்டும் வரவில்லை என்றது. அவர்கள்தான் நெடுங்காலமாக எங்களுக்குப் பாக்கி வைத்தவர்கள் என்றது பிராட் அண்ட் விட்னி. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்து விற்க உத்தரவானது.

இங்கேதான் வகுப்பில் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்டிருப்பேன். ஒரே வருடம், ஒரே விமானம், ஒரே எஞ்சின், ஒரே வெயில், ஒரே தூசி. ஒருவர் நாட்டின் முதல் நிறுவனம், இன்னொருவர் இல்லை. ஏன்?

என் பதில் இது. இண்டிகோவின் தேர்வு கோஏரின் தேர்வைவிட நல்ல தேர்வு இல்லை. இண்டிகோவிடம் பழைய வி2500 எஞ்சின் ஏ320-கள் ஏராளம் இருந்தன. நியோ நின்றபோது அவற்றைத் திருப்பிக் கொடுக்காமல் குத்தகையை நீட்டி ஓட்டியது, வெளியிலிருந்தும் விமானம் வாடகைக்கு எடுத்தது. அதைவிட முக்கியம், 2019 ஜூன் 17 அன்று அடுத்த 280 விமானங்களுக்கு லீப் எஞ்சின் என்று அறிவித்தது. 2,000 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போகும்போது பழைய எஞ்சின்காரர் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். நஷ்டஈடும் கிடைத்தது. கோஏரிடம் இருந்தது ஐம்பத்துச் சொச்சம் விமானங்கள், பெரும்பாலும் நியோ. கோவிட் வேறு. கடன் வேறு. காத்திருக்க அவர்களிடம் பணம் இல்லை. கோ ஃபர்ஸ்டைக் கொன்றது எஞ்சின் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் சரியாக இருந்திருந்தால் மற்ற நோய்களோடு கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உபரியாக ஒன்று. ஏர்பஸ் விமானத்தின் முழு எண்ணைப் பார்த்தாலே எஞ்சின் யாருடையது என்று தெரிந்துவிடும். ஏ320-271 என்றிருந்தால் நடுவில் உள்ள 7 பிராட் அண்ட் விட்னி. 251 என்றிருந்தால் 5 சி.எஃப்.எம். லீப். பெங்களூரில் விழுந்தது 231, அதில் 3 ஐ.ஏ.இ. அடிக்கடி பறக்கும் என் தங்கை மகனுக்கு இது பிடிக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நம் பையன், "அப்ப பழைய மாடலே வாங்கிடவா சார்?" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. லீப் எஞ்சினும் வெயிலிலும் தூசியிலும் சீக்கிரம் தேய்ந்து, பாகங்களை மாற்றி வடிவமைக்க வேண்டி வந்தது. பிராட் அண்ட் விட்னி எஞ்சினும் ஓடிய நாளெல்லாம் எரிபொருளை மிச்சப்படுத்தித்தான் தந்தது. நான் கேட்டது ஒன்றுதான். "புது மெஷின் ரெண்டு மாசம் நின்னுபோனா, எட்டுப் பேருக்கும் பேங்குக்கும் எத்தனை மாசம் உன்னால கட்ட முடியும்?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "ஒரு மாசம் சார். இழுத்துப் பிடிச்சா ஒன்றரை."

பிறகு புது மாடல் கொட்டேஷனைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினான். பதினைந்து நாளைக்கு மேல் நின்றால் மாற்று மெஷின் தருவார்களா, அதை எழுத்தில் தருவார்களா. திங்கட்கிழமை அவர்களைப் பார்க்கப் போகிறானாம்.